குடியிருப்பவனைக் கேட்காமல் ஊரை விற்கலாமா?

பொழிச்சலூரில் ஓட்டு வீட்டு முகட்டை உரசிவிடுமோ என்கிற மாதிரி பிளேன் போகும். வெளியூர் விருந்தாளிதான் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். ஊர்க்காரர் பார்க்கமாட்டார். குரலை ஒரு கட்டை ஏற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். பழகிப்போச்சு!

ஆனால் அதே ஊர்க்காரர் பதறிப்போகிற சத்தம் ஒன்று உண்டு.

"நிலம் எடுக்கப் போறாங்களாமே?" என்று யாராவது டீக்கடையில் ஆரம்பித்தால் போதும். பாதி டீ கிளாசிலேயே ஆறிப்போகும். வீட்டுக்கு ஓடி, பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்குவார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒரு வீட்டில் நத்தம் பட்டா. இன்னொரு வீட்டில் தாத்தா காலத்துத் தீர்வை ரசீது. வேறொரு வீட்டில் வீட்டு வரி ரசீது, கரண்டு பில், ரேஷன் கார்டு. சில வீடுகளில் அபராதம் கட்டிய பி-மெமோ. எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருக்கும். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்துவிட்டுப் போன பிறகு, காகிதத்துக்குக் கவர் போடுகிற புத்தி இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

"இதுல எதுண்ணே செல்லும்?"

பெட்டியைத் திறக்கிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி இது. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை.

ஊர் நகரவில்லை

பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2007-ல் மீனம்பாக்கம் விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு எழுந்தபோது பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கமெல்லாம் கொதித்துப்போனது. 2022-ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 மே மாதம் பக்கத்து ஊரான அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. பொழிச்சலூர்க்காரருக்கு அது பேப்பர் செய்தி அல்ல. நடந்து போய்ப் பார்க்கிற தூரம்.

காகிதமும் சும்மா இருக்கவில்லை. முன்பு செங்கல்பட்டு ஜில்லா. 1997-ல் ஜில்லாவைப் பிரித்தபோது காஞ்சிபுரம். 2019-ல் மறுபடியும் செங்கல்பட்டு. பொழிச்சலூர் இருந்த இடத்திலேயே இருந்தது. கலெக்டர் ஆபீசுதான் ஊர் ஊராகப் போய்விட்டு வந்தது!

1980-ல் கர்ணம் பதவி ஒழிந்தது. கிராம நிர்வாக அதிகாரி வந்தார். அதே 1980-களில் யு.டி.ஆர். என்று நிலக் கணக்கைப் புதுப்பித்தார்கள். அப்போது விழுந்த பெயர்ப் பிழை, எண் பிழைகளுக்கு இன்னும் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோவிலை வடதிருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமையில் கூட்டம் நெரியும். ஏழரைச் சனிக்கு அங்கே பரிகாரம் இருக்கிறது. ரெவின்யூ ரெக்கார்டில் பிடித்த சனிக்கு எங்கே போய் விளக்கு ஏற்றுவது?

எடுப்பது வேறு, விற்பது வேறு

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் சர்க்கார் பட்டா நிலத்தை எடுப்பது ஒரு விவகாரம். அதற்கு, போதுமோ போதாதோ, ஒரு சட்டம் இருக்கிறது. நோட்டீஸ், ஆட்சேபணை, நஷ்டஈடு என்று படிகள் இருக்கின்றன. சண்டை போட ஓர் இடம் இருக்கிறது.

இன்னொரு விவகாரம் இருக்கிறது. கணக்கில் சர்க்கார் பெயரில் இருக்கிற நிலம். அதில் நாலு தலைமுறையாக ஓர் ஊர் குடியிருக்கிறது. அந்த நிலத்தை சர்க்கார் வேறு ஒருவருக்கு விற்றுவிடுகிறது. ஊருக்குத் தெரியாது. ஒருநாள் வாங்கியவர் வந்து, "என் இடத்தைக் காலி பண்ணு" என்கிறார். அப்போது என்ன செய்வது?

"அப்படியெல்லாம் நடக்குமா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. பொழிச்சலூர் தலைக்கு மேலே போகிற பிளேன்களில் சில மலேசியாவுக்குப் போகின்றன. அந்த மலேசியாவில், பினாங்குத் தீவில், ஒரு தமிழ் ஊருக்கே நடந்தது.

ஜாதிக்காய் கிராமம்

கம்போங் புவா பாலா என்பது அந்த ஊரின் பெயர். கம்போங் என்றால் மலாய் மொழியில் கிராமம். புவா பாலா என்றால் ஜாதிக்காய். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் குளுகோர் பகுதியில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டத்தில் பாடுபட்டவர்களின் வாரிசுகள் தாங்கள் என்பது அந்த ஊர் மக்களின் வாதம்.

தோட்டம் போனது. ஊர் நின்றது. சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டிடங்கள் எழும்பிய பிறகும் உள்ளே மாட்டுத் தொழுவம் இருந்தது, ஆடு மேய்ந்தது. பால் கறந்து பட்டணத்துக்கு விற்றார்கள். பினாங்குக்காரர்கள் வேடிக்கையாக "தமிழ் ஹை சாப்பரல்" என்று பெயர் வைத்தார்கள். 'ஹை சாப்பரல்' என்பது அந்தக் காலத்து அமெரிக்க டெலிவிஷன் கௌபாய் தொடர். மாடு மேய்க்கிற ஊர் ஆயிற்றே, அதனால் வந்த பெயர்.

மொத்த நிலம் சுமார் ஆறரை ஏக்கர். வீடுகள் இரண்டு டஜன்.

"பிரவுன் குடும்பம் இந்த நிலத்தை எங்கள் முன்னோருக்காக டிரஸ்டாக விட்டுவிட்டுப் போனது. சர்க்கார் வெறும் காவல்காரன்தான், சொந்தக்காரன் அல்ல" என்றார்கள் ஊர்க்காரர்கள். "இது மாநில சர்க்கார் நிலம்" என்றது எதிர்த்தரப்பு.

2005-ல் அப்போதைய பினாங்கு மாநில ஆட்சி அந்த நிலத்தை ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க முடிவு செய்தது. எந்தக் கூட்டுறவுச் சங்கம்? மாநில சர்க்கார் அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம்! விலை சுமார் 32 லட்சம் ரிங்கிட். சங்கம் ஒரு கட்டுமானக் கம்பெனியோடு கை கோத்தது. அங்கே அடுக்குமாடி கட்டுவது திட்டம்.

நிலத்தை விற்றது சர்க்கார். வாங்கியது சர்க்காரில் வேலை பார்ப்பவர்களின் சங்கம். நடுவில் நிற்கிற ஊரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதில் சட்டம் எத்தனை பக்கம் பேசினாலும், முச்சந்தியில் நிற்கிற சாதாரண மனுஷனுக்கு இது நியாயமாகப் படுமா?

19 நாள்

2008 மார்ச் 8-ல் மலேசியாவில் தேர்தல். பினாங்கில் பழைய ஆட்சி கவிழ்ந்தது. எதிர்க்கட்சிக் கூட்டணி வந்தது. லிம் குவான் எங் முதல்-மந்திரி ஆனார். இரண்டாவது துணை முதல்-மந்திரியாகத் தமிழரான பேராசிரியர் பி.ராமசாமி வந்தார். ஏழைகள் பக்கம் நிற்போம் என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்.

மார்ச் 27-ல் நிலத்தின் உரிமைப் பத்திரம் கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்கு மாறியது. தேர்தல் முடிந்து சரியாக 19-வது நாள்!

"பேரம் பேசியது பழைய ஆட்சி" என்றது புது ஆட்சி. "பத்திரம் மாறியது உங்கள் ஆட்சியில்தானே?" என்று திருப்பிக் கேட்டார்கள் மக்கள். இரண்டும் உண்மை. அதுதான் இதில் கொடுமை. ஆபீசுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பைல், நாற்காலியில் ஆள் மாறியதைக் கவனிக்கவே இல்லை. புதிதாக வந்த மந்திரி பைலைப் படித்து முடிப்பதற்குள் பைல் தன் வேலையை முடித்துக்கொண்டது. பைலுக்கு ஓட்டுரிமை கிடையாது.

வழக்கு நடந்தது. ஐகோர்ட்டில் முதலில் ஊருக்குச் சாதகமாக இருந்தது. 2009-ல் அப்பீல் கோர்ட்டு அதை மாற்றிக் கட்டுமானக் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாட்டின் உச்ச கோர்ட்டான கூட்டரசு கோர்ட்டிலும் ஊருக்குக் கதவு திறக்கவில்லை.

ஹிண்ட்ராப் இயக்கம் வந்தது. பேப்பர்களில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இடிக்க வந்தபோது ஊர்க்காரர்கள் வழிமறித்தார்கள். நாள் தள்ளிப்போனது. அவ்வளவுதான் முடிந்தது. 2009 செப்டம்பரில் புல்டோசர் உள்ளே போனது.

கடைசி நேரத்தில், வீட்டுக்கு ஓர் இரண்டடுக்கு வரிசை வீடு என்று பேச்சு வந்தது. சிலர் சரி என்றார்கள். சிலர் கடைசி வரை முடியாது என்றார்கள். ஒரே ஊருக்குள் இரண்டு கட்சி, மனஸ்தாபம். வீடு கிடைத்தது நல்லதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசை வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது?

ஒரு சின்னக் கணக்கு

கடைக்காரர்களுக்குக் கணக்கு பிடிக்கும். எனவே ஒரு கணக்கு.

ஆறரை ஏக்கர் என்றால் சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம் சதுர அடி. 32 லட்சம் ரிங்கிட்டை அதால் வகுத்தால் சதுர அடிக்கு 11 ரிங்கிட் சொச்சம். வீடு 24 என்று வைத்தால் ஒரு வீட்டின் பங்குக்கு 1 லட்சத்து 33 ஆயிரம் ரிங்கிட் வரும்.

பால்காரருக்கு அது பெரிய தொகைதான். ஆனால் பேங்க் இருக்கிறது, தவணை இருக்கிறது, சொந்த பந்தம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்த அதே விலைக்கு, "முதலில் உங்களுக்குத் தருகிறோம், ஆறு மாதத்துக்குள் பணம் கட்டுங்கள்" என்று சர்க்கார் அந்த இரண்டு டஜன் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால்?

அவர்களும் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்திருப்பார்கள். பால் சங்கமாவது ஆரம்பித்திருப்பார்கள்! சர்க்காருக்கும் ஒரு காசு குறைந்திருக்காது.

கேட்க வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். கேட்கவில்லை.

ரசீது வைத்த வேட்டு

சரி, கோர்ட்டில் ஏன் தோற்றார்கள்? இங்கேதான் பொழிச்சலூர்க்காரர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மலேசியாவில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்று ஒரு சீட்டு உண்டு. சர்க்கார் நிலத்தில் இருப்பவர் வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டிசம்பர் 31 வந்தால் சீட்டு செத்துப்போகும். சீட்டுக்காரர் இறந்தாலும் அதோடு சரி, பிள்ளைக்குப் போகாது. புவா பாலாக்காரர்கள் இந்தச் சீட்டுக்குப் பணம் கட்டி வந்தவர்கள்.

கட்டியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "சர்க்காரே பணம் வாங்கி ரசீது தருது. அப்புறம் யாரு நம்மளை அசைக்க முடியும்?"

சட்டம் அதை நேர் எதிராகப் படித்தது. "உரிமம் வாங்கினாய் என்றால், நிலம் உன்னுடையது அல்ல என்று ஒப்புக்கொண்டாய்!" அந்த நாட்டு நிலச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. சர்க்கார் நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், உரிமம் வாங்கியே இருந்தாலும், இருந்த காலத்தை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது. நூறு வருஷமும் ஒன்றுதான், ஒரு வருஷமும் ஒன்றுதான்.

இப்போது பொழிச்சலூர் டிரங்குப் பெட்டிக்கு வரலாம். அதற்குள் இருக்கிற பி-மெமோ என்ன?

1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் இருப்பவருக்கு அபராதம் போட்டுக் கொடுக்கிற காகிதம்தான் அது. அதை பட்டாவுக்குத் தம்பி என்று நினைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். "முப்பது வருஷமா கட்டுறோம் சார், ஒரு வருஷம் விடலை" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் காகிதம் சொல்வது என்ன? "நான் ஆக்கிரமிப்பாளன், இதோ முப்பதாவது முறையாக ஒப்புக்கொள்கிறேன்" என்பதுதான்! எத்தனை காலமாக இருக்கிறோம் என்பதைக் காட்ட அது உதவும். சொந்தம் என்று காட்ட உதவாது.

ஆனால் அதே 1905 சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. எந்தெந்த நிலம் சர்க்காருக்குச் சொந்தம் என்று அடுக்கிக்கொண்டு வரும்போதே, கோவில் இடங்களும், வீட்டு மனையாகவும் புழக்கடையாகவும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கிற இடங்களும் அதில் சேராது என்று விலக்கி வைக்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்! கிராம நத்தம் சர்க்கார் சொத்து அல்ல என்று சென்னை ஐகோர்ட்டு பல தீர்ப்புகளில் சொல்லியிருப்பதற்கு அடிப்படை அதுதான்.

ஆகவே நத்தம் வேறு, புறம்போக்கு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தெரு, ஒரே மண். கணக்குப் புத்தகத்தில் ஒரு சொல் வித்தியாசம். அந்த ஒரு சொல்தான் இருப்பதும் போவதும்.

தனியாருக்கு ஒரு நியாயமா?

ஓர் ஆச்சரியமான விஷயம். குடியிருப்பவனுக்கே முதல் உரிமை என்கிற நியாயம் சென்னைக்குப் புதிது அல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே இருக்கிறது.

1921-ல் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்தவர் மனையை வாடகைக்கு எடுத்து அதில் சொந்தமாக வீடு கட்டியவரை, மனைக்காரர் சட்டென்று காலி செய்யச் சொல்ல முடியாதபடி செய்தது. அதன் 9-வது பிரிவு அதைவிட ஒரு படி மேலே போனது. குடியிருப்பவர் கோர்ட்டுக்குப் போய், "இந்த மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். விலையைக் கோர்ட்டு முடிவு செய்யும். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, நிபந்தனைகள் உண்டு, பின்னால் வந்த திருத்தங்கள் கோவில் நிலங்களை விலக்கிவிட்டன. ஆனாலும் நியாயம் அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து 1971. தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம். மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்தக் குடியிருப்பு மனை சொந்தம் என்றது. கணக்கு நாள் 1971 ஜூன் 19. அந்தத் தேதியில் யார் குடியிருந்தாரோ அவருக்கு.

அதாவது, தனியாராக இருந்தால், "குடியிருக்கிறவனுக்குக் கொடு" என்று சர்க்கார் சட்டம் போடும். தன் பெயரில் இருக்கிற நிலம் என்று வந்துவிட்டால் மட்டும், குடியிருக்கிறவன் தலைக்கு மேலாகக் கை நீட்டி வேறு ஒருவருக்குக் கொடுக்கலாமா? மிராசுதாருக்குச் சொன்ன புத்தி மிராசுதாருக்கு மட்டும்தானா?

"ஆக்கிரமிச்சவனுக்கே வித்தா நாளைக்கு ஊரே ஆக்கிரமிக்கும்" என்று ஆபீசர்கள் சொல்வார்கள். நியாயமான பயம்தான். ராத்திரியோடு ராத்திரியாகக் கீற்றுக் கொட்டகை போட்டுக் கட்சிக் கொடி நடுகிறவர்களை யாருக்குத் தெரியாது? ஆனால் அதற்கு மருந்து 1971 சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு தேதி வைத்தால் போதும். அந்தத் தேதிக்கு முன்னால் பரம்பரையாக இருக்கிற ஊர் வேறு, நேற்று வந்த கொட்டகை வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் தாசில்தாராக இருக்க முடியாது.

ஏரி, ஆறு, வாய்க்கால் விஷயத்தில் இந்தப் பேச்சு எடுபடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2015-ல் அடையாறு எங்கெங்கே ஏறியது என்று பொழிச்சலூருக்கும் கவுல் பஜாருக்கும் தெரியும். ஆற்றுக்குள் இருக்கிற வீட்டை ஆற்றுக்குத்தான் விட வேண்டியிருக்கும். எங்கே குடியேற்றுவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பது தனிச் சண்டை. அது போடவேண்டிய சண்டை. ஆனால் விற்பனை என்பது அது அல்ல. குடியிருப்பவனை எழுப்பிவிட்டு அடுத்தவன் அதே இடத்தில் குடியிருக்க வீடு கட்டுவான் என்றால், அந்த இடம் குடியிருக்கத் தகுந்த இடம்தானே? முதலாமவன் ஏன் போக வேண்டும்?

தண்டோரா எங்கே?

பழைய வருவாய் நடைமுறையில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஊரில் சர்க்கார் நிலத்தை யாருக்காவது ஒப்படை செய்வதற்கு முன்னால் ஏ-1 நோட்டீஸ் போட வேண்டும். ஊரில் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். "இன்ன சர்வே நம்பர் நிலத்தை இன்னாருக்குக் கொடுக்கப் போகிறார்கள், ஆட்சேபணை இருப்பவர்கள் சொல்லலாம்!" தப்புச் சத்தம் கேட்டால் கிணற்றடியில் இருப்பவர்களும் ஓடி வந்து கேட்பார்கள்.

பிற்பாடு தண்டோரா போய் ஒட்டுகிற நோட்டீஸ் வந்தது. கிராம நிர்வாக அதிகாரி ஆபீஸ் சுவரில் ஒட்டுவார்கள். பசை ஈரம் காய்வதற்குள் மேலே சினிமா போஸ்டர் ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் ஆடு தின்றுவிடும். பைலில் மட்டும் "கிராமத்தில் விளம்பரம் செய்யப்பட்டது, ஆட்சேபணை ஏதும் வரவில்லை" என்று ஒரு வரி ஏறும்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். பல பேர் அதை நம்பித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். அது ஏமாற்றம் தரலாம். பதிவுச் சட்டத்தின் 90-வது பிரிவு, சர்க்கார் செய்கிற நில மானியம், ஒப்படை போன்ற ஆவணங்களைக் கட்டாயப் பதிவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ரிஜிஸ்தர் ஆபீசுக்கே வராத காகிதம் வில்லங்கச் சான்றில் எப்படி வரும்? "வில்லங்கம் ஏதுமில்லை" என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்து தூங்கலாம், நிலம் கைமாறியே இருக்கலாம்!

புவா பாலா மக்கள் தோற்றது 2009-ல் கோர்ட்டில் அல்ல. 2005-லேயே தோற்றுவிட்டார்கள். அன்று நிலத்தின் பேரம் ஓர் ஆபீஸ் அறைக்குள் முடிந்தது. பிறகு நடந்த நாலு வருஷச் சண்டையும் கையை விட்டுப் போனதைப் பிடிக்க ஓடிய ஓட்டம்.

இங்கே சர்க்கார் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆள் குடியிருக்கிற எந்த நிலத்தையும் விற்பதற்கோ, குத்தகைக்கு விடுவதற்கோ, வேறு துறைக்கு மாற்றுவதற்கோ முன்னால் அந்த நிலத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் தமிழில் நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கிராம சபை இருக்கிற ஊரில் கிராம சபையில் படிக்க வேண்டும், இல்லாத ஊரில் வார்டுக் கூட்டத்தில். வெளி ஆளுக்குச் சொல்கிற விலையை முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டும். தவணை கேட்டால் தவணை. தண்டோராச் செலவைவிட இதற்கு அதிகம் ஆகாது.

பி-மெமோ கட்டிக்கொண்டிருக்கிற பழைய குடியிருப்புகளை, தண்ணீர் போகிற வழியில் இல்லாதவற்றை, ஒரு தேதி வைத்து எடுத்துப் பட்டாவாக்கிக் கொடுப்பது அடுத்த வேலை. தேர்தல் வந்தால் பட்டா மேளா நடத்துகிறார்கள். மேடை போடாமல் மற்ற நாட்களிலும் கொடுக்கலாம், தப்பில்லை.

அது நடக்கும்போது நடக்கட்டும். பெட்டியைத் திறந்தவர் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது 'அ' பதிவேடு. சர்வே எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது, நத்தமா, புறம்போக்கா, ரயத்துவாரியா, என்ன வகைப் புறம்போக்கு என்று அதில் இருக்கும். கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பான். வீட்டு எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது, சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் வேண்டும். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஒருவர் கணக்கில் நத்தம் என்றும் பக்கத்து வீட்டில் வேறு என்றும் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தப்பாக இருந்தால் மனு. மனுவுக்கு ரசீது வாங்காமல் வரக்கூடாது. பசலி வருஷம் முடிகிற சமயத்தில், மே-ஜூன் வாக்கில், தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். கிராமத்துக் கணக்குகளை மேஜை மேல் வைத்துத் தணிக்கை செய்கிற நாட்கள் அவை. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்கள். பொழிச்சலூருக்கு என்று ஒதுக்கிய நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் காலையில் பல்லாவரம் போகிற பஸ்ஸில் கூட்டமாகத்தான் இருக்கும். ஒரு பஸ் முன்னாடியே கிளம்பிவிடுவது நல்லது.